பத்து மணி முதல் இரண்டு மணி வரை

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும். நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் ஐந்து மேஜைகள் இருக்கின்றன, ஐந்து தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. ஆள் என்று யாரும் இல்லை. நான் உட்பட என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 9 அன்று சொகுசுக் கப்பல் வருகிறது. பதின்மூன்று மாடி. நம் ஊரில் உயரமான கட்டடம் நான்கு மாடி மருத்துவமனைதான். காலை எட்டு மணிக்குக் கட்டி நாலரைக்கு அவிழ்ப்பார்கள். நடுவில் பயணிகளுக்கு 'வசந்த கால அமைதி நடை'. துறைமுகத்திலிருந்து வாய்க்காலோரச் செர்ரி மரங்களின் கீழே, கோயில் படி வரை, பிறகு கலங்கரை விளக்கம், பிறகு வந்த வழியே திரும்புவது. பெயர் வைத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் ஓமுரோ சார். அந்த மூன்று சொற்களுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின.

இன்று நான்காவது கூட்டம். போன வருடம் வந்த பயணிகளின் கருத்துப் படிவங்களை அவர் சாவு வீட்டில் வாசிப்பது போல வாசித்தார். அமைதியான நாடு என்று நம்பி வந்தோம். நாய் குரைத்தது. ஒரு பெண் மாடியில் தூசி போக மெத்தையை அடித்துக்கொண்டே இருந்தாள். மீன் விற்கும் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது. தெருவில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊர் வாயை மூடாது. கியோட்டோவில் நான்கு வருடம் தத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய அன்று, ரயிலடியிலிருந்து வீட்டுக்குள் நுழைவதற்குள் ஒன்பது பேர் என்னை நிறுத்தி நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் பெருத்துவிட்டதாக.

"நாம என்ன பண்ணலாம்? யாராவது சொல்லுங்க," என்றார் ஓமுரோ சார். மற்ற மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அது கிண்டல் என்று அந்தப் படிவத்தில் குரைத்த நாய்க்குக்கூடப் புரிந்திருக்கும்.

"ஊரையே அணைச்சிடலாம் சார். பத்து மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். நாய உள்ள கட்டிடணும். மெத்தை அடிக்கக் கூடாது. காத்து மணி, கதவு மணி எல்லாத்தையும் கழட்டி வச்சிடணும். தெருவுல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தெரிஞ்சவங்களப் பாத்தா தலைய மட்டும் குனியலாம்."

ஓமுரோ சார் எழுதிக்கொண்டிருந்தார்.

"தலைய மட்டும்... குனியலாம். ம். அப்புறம்?"


மார்ச் 6, வியாழன்

கூட்டக் குறிப்பு மேஜைக்கு வந்தது. 'கஜிதானி ரிட்சு அவர்களின் முன்மொழிவு ஒருமனதாக ஏற்கப்பட்டது.' கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, ஐந்து பேரின் பெயர் முத்திரைகளுக்கான கட்டங்கள். ஐந்தாவது என்னுடையது.

குத்தினேன். மறுத்திருக்கலாம். மறுத்தால் அது கிண்டல் என்று விளக்க வேண்டியிருக்கும். தன் கிண்டலை உட்கார்ந்து விளக்குகிறவளைவிடக் கேவலமான பிறவி உண்டா?

எதிர் மேஜை ஹிசாகா என்னைவிட இரண்டு வயது சிறியவன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: "பெரிய ஆளாயிட்டீங்க அக்கா. அடுத்த வருஷம் நிரந்தரம் பண்ணிடுவாங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை.


மார்ச் 9, ஞாயிறு

அப்பா இன்று மத்தியானம் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டார். நாலு மணிக்கு என்றேன். சரி என்று போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். முந்தாநாள் தாள்.

அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்தவர். மேலேயிருந்து மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் தொடை பருமனுக்கு வடம் வரும். அதைக் கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்ட வேண்டும். அவிழ்ப்பதும் அவர்தான். போன இலையுதிர் காலத்திலிருந்து இப்படி இருக்கிறார். இரண்டு தடவை விடியற்காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டார். கப்பல் எதுவும் இல்லாத நாட்கள்.

அதனால் வாசல் கதவில் ஒரு மணி. அம்மா மாட்டியது. கதவு நகர்ந்தால் சமையலறை வரை கேட்கும். இந்த ஊர்க் கடையில் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள் என்பதால் ரயிலேறிப் போய் வாங்கி வந்தாள். மருத்துவரும் வேறு ஊர்தான். ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் நானும் ஒரே கட்சி. இந்த ஊரிடம் ஒரு துக்கத்தைக் கொடுத்தால் மென்று தெரு முழுக்கத் துப்பி வைக்கும்.


மார்ச் 17, திங்கள்

அறிவிப்பை எழுதும் வேலையும் என் தலையில். யோசனை உங்களுடையதுதானே என்கிறார்கள்.

சுற்றுப்பலகையில் போகும். அட்டைப் பலகையில் கவ்வி வைத்த ஒரு தாள். ஒரு வீட்டில் படித்து, தன் கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். வட்டாரத்துக்கு ஒன்று. குப்பை நாள், தீயணைப்புப் பயிற்சி, யாராவது செத்தால் அது. எல்லாம் இதில்தான். இது என்னவென்று தெரியாமல் இந்த ஊரில் யாரும் சாக முடியாது.

எழுத ஆரம்பித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்கவில்லை. ஐநூறு வீடுகள் வாசிக்கப்போகும் என் முதல் உரைநடை. ஆறு விதிகள். ஒவ்வொன்றையும் இன்னும் அபத்தமாக்கினேன், யாராவது ஓரிடத்தில் சிரிக்கட்டும் என்று.

'நான்கு: நடைபாதையை ஒட்டிய வீடுகள் காற்று மணி, கதவு மணி முதலிய ஒலி எழுப்பும் பொருட்களை அகற்றி உதவவும். ஐந்து: தெருவில் செல்வோரை உரக்கக் கூப்பிடுவதையும் நிறுத்திப் பேசுவதையும் தவிர்த்து உதவவும். தலை வணங்குதல் போதுமானது.'

ஓமுரோ சார் 'உதவவும்' என்பதை எல்லா இடத்திலும் 'அன்புடன் உதவவும்' என்று திருத்தினார். சிரிக்கவில்லை.


மார்ச் 22, சனி

பலகை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். நான் படுத்துக்கொண்டு வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தேன்.

"வாசல் மணியும் கழட்டணுமா?"

"எழுதியிருக்கறதப் படிம்மா."

"நம்ம வீடு நடக்கற வழியிலதானே இருக்கு."

"அப்போ நம்ம வீடும்தான்."

முத்திரை குத்தினாள். கட்டங்களை எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு முன் பதினொரு வீடுகள். எல்லா முத்திரையும் நேராக, மை சிந்தாமல். ஏன் என்று ஒரு வீடுகூடக் கேட்கவில்லை. நாளை மூச்சு விடுவதைத் தவிர்த்து அன்புடன் உதவவும் என்று அனுப்பினாலும் குத்துவார்கள்.


மார்ச் 26, புதன்

பக்கத்து வீட்டு டோஃபு கடை தொமோயே அக்கா வாய்க்காலின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: "அடியே ரிட்சு! ஒன்பதாம் தேதி நான் வாயில துணி கட்டிக்கணுமாமே?"

"கட்டிக்கிட்டா நல்லது அக்கா."

"கட்டிக்கிட்டா கடை எப்படி ஓடும்? டோஃபு தானா கூவுமா?" சிரித்தாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவள் தாழ்த்தினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"நல்லா இருக்காரு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். வம்புக்கு அலைகிற பார்வை. தலையை மட்டும் குனிந்துவிட்டு வந்தேன். ஒத்திகை.


மார்ச் 28, வெள்ளி

உண்மையான ஒத்திகையும் நடந்தது. ஓமுரோ சார் கையில் ஒலி அளக்கும் கருவி. மாவட்ட அலுவலகத்தில் இரவல் வாங்கினாராம். இரண்டு வருடத்துக்கு முன் அங்கிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவை கருவிகளும் கோப்புகளும்தான். முடி வெட்டும் யுகாவா தன் கடைக்கு வெளியே நின்று பத்து தடவை தலை வணங்கிக் காட்டினார். "இந்தக் கோணம் போதுமா சார்?" ஓமுரோ சார் யோசித்துவிட்டு, போதும் என்றார்.

இவர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது.


ஏப்ரல் 1, செவ்வாய்

மரங்கள் முழுக்கப் பூத்துவிட்டன. ஓமுரோ சார் அதற்கும் எங்களைப் பாராட்டினார்.


ஏப்ரல் 7, திங்கள்

காற்று. பூ உதிர்கிறது. வாய்க்கால் முழுக்க இதழ், தண்ணீரே தெரியவில்லை. புதன் வரைக்கும் தாங்குமா என்று ஓமுரோ சார் ஹிசாகாவைக் கேட்டார். ஹிசாகா "கேட்டுச் சொல்றேன் சார்" என்றான். யாரிடம்?


ஏப்ரல் 9, புதன்

எழுத முடியவில்லை. நாளை.


ஏப்ரல் 10, வியாழன்

விடுப்பு போட்டிருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் போகிறேன்.

கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது. குழுவுக்கு இருபது பயணிகள், பதினைந்து குழுக்கள், பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றும். மார்பில் குழு எண் ஒட்டிய மஞ்சள் வில்லை. எனக்கு ஏழாவது குழு. கையில் மூங்கில் குச்சியில் '7' என்று ஒரு கொடி. பதினோராவது குழுவை ஓமுரோ சாரே நடத்தினார், ஆள் பற்றாமல்.

கரையில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் வேறொரு நாட்டை ஓரமாகத் தொட்டுவிட்டுச் சாப்பிடத் திரும்புகிறவர்கள். பதினோராவது வரிசையில் ஒரு நெட்டையான கிழவி, மேகமே இல்லாத நாளில் சிவப்பு மழைக்கோட்டுப் போட்டிருந்தாள். மனசுக்குள் அவளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அமைத்து வைத்தேன், இங்கே எழுத. எழுத மாட்டேன்.

பதினொன்றே கால் இருக்கும், வாய்க்காலோரம் திரும்பினோம். உண்மையிலேயே சத்தமில்லை. நாய் இல்லை, மெத்தை இல்லை, மீன் வண்டி இல்லை. கதவுகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊர். இருபது ஜோடிக் காலணிகள் சரளையில் நடக்கும் சத்தம். இதழ் ஒன்று என் கை மேல் விழுந்தது. அழகாக இருந்தது. ஆமாம், அழகாகத்தான் இருந்தது, நான் செய்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டைக் கடந்தேன். திரை மூடியிருந்தது. கதவுக்கு மேலே வெறும் கொக்கி. அம்மா சொன்னபடி மணியைக் கழற்றிவிட்டாள். நல்லது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பதினொன்று நாற்பதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. கிசுகிசுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து, தன் மகளிடம், கிசுகிசுப்பாக.

"அப்பாவக் காணோம்."

"எப்போலேருந்து?"

"தெரியல. பின்னாடி துணி மடிச்சிட்டிருந்தேன். மணி இல்லயே... நீதான கழட்டச் சொன்ன."

நான் கழற்றச் சொல்லவில்லை. படிக்கச் சொன்னேன். இந்த வித்தியாசத்தை இனி வாழ்நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.

"ஒலிபெருக்கியில சொல்லச் சொல்லட்டுமா?" என்றேன். காணாமல் போன பெரியவர்களுக்காக நகராட்சி அதைத்தான் செய்யும். வயது, உயரம், சட்டை நிறம். மலைச்சரிவு வரைக்கும் கேட்கும்.

"ஐயோ, வேண்டாம். ஊருக்கே கேக்கும்."

ஊருக்கே கேட்பதற்குத்தானே ஒலிபெருக்கி? நான் அதைச் சொல்லவில்லை. சரி என்றேன். அந்தச் 'சரி'யோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். அம்மாவுக்காகச் சொன்ன சரி இல்லை அது. அலுவலகத்தில் மற்ற நான்கு பேருக்கும் தெரிந்துவிடும், கஜிதானியின் அப்பா இப்படியாம் என்று.

முன்னால் போன குழுவிலிருந்து ஹிசாகாவைக் கூப்பிட்டு என் குழுவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் கேட்டான். வயிறு என்றேன். கொடி என் கையிலேயே இருந்தது, பாதித் தூரம் ஓடின பிறகுதான் பார்த்தேன்.

வாய்க்காலைப் பார்த்தேன். ஒரே இதழ்ப் பரப்பு. கரையில் மண்டியிட்டுக் கொடிக் குச்சியால் விலக்கினேன். விலக்கின இடம் உடனே மூடிக்கொண்டது. இன்னோர் இடத்தில் விலக்கினேன். மூடிக்கொண்டது. எதிரே வந்த எட்டாவது குழு நின்று என்னைப் படம் பிடித்தது. உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

தொமோயே அக்கா கடைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள். "அக்கா, அப்பா இந்தப் பக்கம்..." முடிப்பதற்குள் மெதுவாகச் சொன்னாள், அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"பாத்தேனே. பதினொண்ணு அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வீட்டுச் செருப்போட போனாரு."

"கூப்பிட வேண்டியதுதானே!"

"கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? தலைய வணங்கினேன். அவரும் வணங்கினாரு. அப்படியே போயிட்டாரு." கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எப்பவும் கூப்பிட்டுருவேன்டீ. 'அண்ணே, சூடா சோயாப் பால் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க'ன்னு. உக்காருவாரு. அரை மணி ஆச்சுன்னா எங்க கிளம்பினோம்ங்கறது மறந்துரும். வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுருவேன். உங்கம்மா கண்ணுல படாம."

"எப்பவும்னா?"

"நவம்பர்லேருந்து. காலங்காத்தால கதவு மணி கேட்டா உங்கம்மா பிடிச்சுக்குவாங்க. பகல்ல காத்தாட வெளிய நிக்கறேன்னு நின்னுட்டு அப்படியே நகந்துருவாருல்ல, அப்போ நாங்க."

"நாங்கன்னா யாரு?"

அவள் கை காட்டிய யுகாவா கடைக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்றிருந்தார், முகம் வெளுத்து. "கோயில் பக்கம் போனாரும்மா. நான் குனிஞ்சேன். எப்பவும் உள்ள கூட்டி உக்கார வச்சு கழுத்துல துணியப் போட்டுருவேன். துணி போட்டுட்டா எந்திரிக்க மாட்டாரு. பழக்கம். நேத்து வந்திருந்தாருன்னா போட்டிருப்பேன். இன்னைக்குத்தான் எழுதி வந்துருந்துதே, நிறுத்திப் பேசக் கூடாதுன்னு. நானும் முத்திரை குத்தினவன்." கழுத்துத் துணியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதற்கடுத்த வீட்டிலும் பார்த்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும். எல்லோரும் தலை வணங்கியிருந்தார்கள், சரியான கோணத்தில். அப்பா ஊர் முழுக்க மரியாதை வாங்கிக்கொண்டு நடந்து போயிருக்கிறார்.

கோயில் படியில் இல்லை. கலங்கரை விளக்கத்தில் இல்லை. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் பாறை. பாறையைப் பார்த்தேன். கீழே பார்த்தேன். அப்போதுதான் ஓமுரோ சாருக்குக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மறதி, மணி, வீட்டுச் செருப்பு, எல்லாம்.

அந்தப் பக்கம் அவர் மெதுவாக எண்ணுவது கேட்டது. பிறகு:

"கஜிதானி, எங்க குழுவுல இருபத்தொரு பேர் இருக்காங்க."

"என்ன சார்?"

"கலங்கரை விளக்கத்துக்கிட்ட எண்ணினேன். இருபத்தொண்ணு. வாய்க்கால்கிட்ட எண்ணினேன். இருபத்தொண்ணு. எண்ணிக்கைல தப்புன்னு நினைச்சேன். வாயத் திறந்து கேக்கவும் முடியாது பாருங்க... சாம்பல் கலர் கம்பளிச் சட்டையா? நாங்க இப்போ கரை வாசல்ல நிக்கறோம்."

ஓடினேன். ஒரு மணி ஆகியிருக்கும். கம்பி வேலி வாசலில் பயணிகள் அட்டையைக் காட்டிக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒழுங்காக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, மார்பில் '11' என்ற மஞ்சள் வில்லையோடு அப்பா. அவருக்கு முன்னால் மூன்று பேர். வேலிக்கு அந்தப் பக்கம் கரை, இரும்புத் தூண், வடம், தண்ணீர்.

"அப்பா!"

கத்தினேன். அமைதி நேரத்தில், அந்த அறிவிப்பை எழுதினவள். வரிசை முழுக்கத் திரும்பியது. அப்பாவும் திரும்பினார்.

பக்கத்தில் சிவப்பு மழைக்கோட்டுக் கிழவி. அவள் கோட்டில் வில்லை இல்லை. அப்பா மார்பில் இருந்தது அவளுடையது. அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துக்கொண்டு பழகினவர்கள் பிடிக்கும் பிடி. நான் அருகே போன பிறகும் விடவில்லை. என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். என் அப்பா என்று அவள் மொழியில் சொன்னேன். என் முகத்தையும் அவர் முகத்தையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகுதான் விட்டாள்.

"மூணாவது கயிறு தொய்ஞ்சிருக்கு பாரு," என்றார் அப்பா. "எவன் கட்டினான்?"

பார்த்தேன். தொய்ந்திருக்கவில்லை.


ஏப்ரல் 14, திங்கள்

கருத்துப் படிவங்கள் வந்துவிட்டன. 'மறக்க முடியாத அமைதி.' 'இந்த ஊர் மக்கள் மௌனத்தாலேயே பேசுகிறார்கள்.' ஒருவர் எழுதியிருந்தார்: 'வீட்டுச் செருப்பு அணிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களோடு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நடந்துவந்தார். மிக நுட்பமான ஏற்பாடு.'

ஓமுரோ சார் என் மேஜைக்கு வந்தார். முதலில் அப்பாவை விசாரித்தார். நிஜமாகத்தான் விசாரித்தார், வீட்டு வாசலுக்கு எது நல்லது, மணியா, மிதித்தால் ஒலிக்கிற விரிப்பா என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"மே இருபதுக்கு அடுத்த கப்பல். ஒரு யோசனை. தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் வச்சா..."

நாக்கு நுனி வரை வந்தது. செருப்பின் நிறம் என்ன வைக்கலாம் சார் என்று.

விழுங்கிவிட்டேன். இந்த ஆளிடம் இனி வாழ்நாளில் கிண்டல் செய்ய மாட்டேன். "வேண்டாம் சார்," என்றேன். "அந்த அறிவிப்பும் வேண்டாம். கத்தறவங்க கத்தட்டும்." அவர் அதையும் எழுதிக்கொண்டார். "கத்தறவங்க... கத்தட்டும். காரணம்?"

காரணத்தையும் சொன்னேன். அரை மணி ஆயிற்று.


ஏப்ரல் 16, புதன்

அம்மாவோடு சண்டை. மணி மறுபடியும் கொக்கியில் தொங்குகிறது. அது போதும் என்கிறாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்படித் தெருவுல நடப்பேன்?"

"ஊருக்கு நவம்பர்லேருந்து தெரியும்மா. நீ அப்புறமும் நடந்துக்கிட்டுத்தான் இருக்க."

"யாரு சொன்னா?"

சொன்னேன். சோயாப் பால், கழுத்துத் துணி, எல்லாவற்றையும். நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாக உட்கார்ந்தாள். முதலில் அவமானம் தாங்காமல்தான் அழுதாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் தொமோயே அக்கா கடையில் எனக்கும் முதலில் வந்தது அதுதான். அப்பா அப்புறம். எத்தனை நிமிடம் அப்புறம்?

இந்த ஊரின் வாயைப் பற்றி நான் சொன்னது எதையும் திரும்பப் பெறவில்லை. மெல்லும், துப்பும். ஆறு மாதம் ஒரு விஷயத்தை எங்கள் இருவரிடமிருந்து மறைத்து வைக்கவும் செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

"செலவில்லாம மாசம் ரெண்டு தடவை முடி வெட்டிக்கிட்டிருக்காரு," என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் பாரேன், முடி வளரவே மாட்டேங்குதேன்னு டாக்டர்கிட்டல்லாம் கேட்டேன்."


ஏப்ரல் 19, சனி

காலையில் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். நன்றாக எழுதியிருந்த மூன்றையும் கிழித்தேன். மிஞ்சியது இது:

'எட்டாவது வட்டாரத்தாருக்கு. கஜிதானி தோகுஜி, துறைமுகத்தில் கயிறு பிடித்தவர், மறதி நோயோடு இருக்கிறார். தனியாக வெளியே போய்விடுகிறார். பார்த்தால் உரக்கக் கூப்பிடுங்கள். நிறுத்திப் பேசுங்கள். எந்த நேரமானாலும். கப்பல் இருந்தாலும்.'

அம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் வைத்திருந்தாள். 'நோய்' என்ற சொல்லை விரலால் மறைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தாள். பிறகு பென்சிலால் கீழே சேர்த்தாள்: 'சூடாக ஏதாவது கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை வேண்டாம்.' முதல் கட்டத்தில் முத்திரை குத்தினாள். கோணலாக விழுந்தது.

பலகையை அடுத்த வீட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம். நான் டோஃபு கடை வாசலில் நின்று தொமோயே அக்காவைக் கூப்பிட்டேன். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வந்தாள். கையில் கொடுத்தேன். இரண்டு கட்டி டோஃபு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.